நரம்பு வலி மாத்திரையும் நெஞ்சுப் படபடப்பும்: பல்லடம் வாசகருக்கு மருத்துவர் பதில்

பல்லடம் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெசவு ஓட்டும் 57 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டு ஆண்டுகளாக, இரவானால் "ரெண்டு பாதமும் மொளகாய அரைச்சு அப்புனாப்ல எரியுதுங்க, போர்வை பட்டாக்கூடத் தாங்கறதில்லீங்க" என்கிறார். மூன்று மாதத்துக்கு முன் மருத்துவர், பிரிகாபாலின் 75 மி.கி.யும் நார்டிரிப்டிலின் 10 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையை இரவில் ஒன்று என எழுதிக் கொடுத்தார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மீதியும் போகட்டும் என்று, மெடிக்கல் ஷாப்பில் சொன்னதை நம்பி, ஐந்து வாரமாகக் காலையிலும் ஒன்று போட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் படபடப்பு. காலை 11 மணி வாக்கில் கூடுகிறது. வீட்டு பிரஷர் மெஷினில் நாடித்துடிப்பு 104, 108 என்று காட்டுகிறது. விடியலில் கட்டிலைவிட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் தாமதமாக இறங்குவது, இரண்டு காலிலும் வீக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

இதற்கிடையே "நரம்பு மாத்திரை இதயத்தை அடைச்சுரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். நான்கு நாள் தூக்கமில்லை. வியர்வை, குமட்டல், முன்னைவிட அதிகப் படபடப்பு. மறுபடி இரண்டு வேளையாகத் தொடங்கிவிட்டார். அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனவர் என்பதால் குடும்பமே கலங்கியிருக்கிறது. கேட்பவை நான்கு: மாத்திரைதான் இதயத்தைக் கெடுக்கிறதா? நிறுத்திவிட்டு சத்து மாத்திரையும் எண்ணெயும் வைத்துச் சமாளிக்கலாமா? நேரே ஆஞ்சியோ எடுத்துவிடலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடக்கலாமா?

உங்கள் மாத்திரைப் பட்டியலையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கூடவே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதி விடை அவற்றில்தான் இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மற்றதைப் படிக்கும் முன் இதைப் படியுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், மயங்கி விழுவது, படபடப்போடு கண் இருட்டுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை. 108-ஐ அழையுங்கள். மகனின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம்.

நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி இல்லாமலும் வரும். இதயத்திலிருந்து வலியைச் சுமந்து செல்லும் நரம்புகளும் சர்க்கரையால் மங்கிப்போவதுதான் காரணம். திடீர் அசதி, வாந்தி, மேல்வயிற்றுக் கனம், மூச்சு வாங்குதல் என்று மட்டும் வரலாம். "வாயுப் பிடிப்புதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் பார்ப்பதில்தான் இதயத் தசை வீணாகிறது. 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து நிலையம் எது, எதுவரை திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறிகள் இல்லை; கண் இருட்டுவதும் விடியலில் எழும்போதுதான். ஆனால் ஓய்வில் 104 துடிப்பும், எழுந்தால் கண் இருட்டுவதும், அப்பாவின் வரலாறும் சேர்ந்திருப்பதால், இந்த வாரத்துக்குள் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். அடுத்த மாதச் சர்க்கரைப் பரிசோதனையோடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து

நீங்கள் ஒரே மாத்திரை என்று நினைப்பதில் குணம் வேறான இரண்டு மருந்துகள் இருக்கின்றன. குரல் பதிவை அனுப்பியவருக்கும் இது தெரியாது.

பிரிகாபாலின், நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலின் ஒரு துணைப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் சுரப்பதைக் குறைக்கிறது. ரத்தக் குழாயை அடைக்கும் வேலை எதையும் அது செய்வதில்லை. நாடித்துடிப்பை நேரடியாகக் கூட்டுவதும் இல்லை. அதனால் வரும் தொல்லைகள் தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுதல், கால் வீக்கம். இதயத்தின் பம்பு வேலை ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மட்டும், உடலில் நீர் தேங்குவதால், கவனமாகக் கொடுக்க வேண்டும்.

நார்டிரிப்டிலின் வேறு ரகம். மனச்சோர்வுக்காக வந்த பழைய மருந்து. சின்ன அளவில் நரம்பு வலிக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துவதால் துடிப்பு கூடும். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் தாமதம் மூன்றும் இதே குணத்தின் மற்ற முகங்கள். உங்களுக்கு மூன்றும் ஒரே சமயத்தில் வந்திருப்பது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. எழும்போது ரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும். அதையும் இது கொஞ்சம் தடுப்பதால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் வேகத்தையும் அளவு கூடும்போது மந்தப்படுத்தும்.

அளவைச் சொல்லாமல் இதைப் படித்தால் பயம்தான் மிஞ்சும். மனச்சோர்வுக்கு இதைத் தினம் 75 முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள், இதயத்தில் பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் உயர்ந்த அளவுகளில் காணப்பட்டவை. உங்கள் 20 மி.கி. சின்ன அளவு. ஆரோக்கியமான இதயத்தை அது கெடுத்துவிடாது. ஆனால் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், ஈ.சி.ஜி.யில் மின்பாதை அடைப்பு இருப்பவர், துடிப்பு ஒழுங்கு தவறியவர் ஆகியோருக்கு இது ஏற்றதில்லை. உங்கள் இதயம் எந்த வகை என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. கடைசியாக ஈ.சி.ஜி. எடுத்தது ஐந்து வருடத்துக்கு முன் என்று எழுதியிருக்கிறீர்கள். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு இந்த வகை மருந்தைத் தொடங்கும் முன் ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிடுவது நல்ல வழக்கம். அது விடுபட்டிருக்கிறது.

கூட்டு மாத்திரையில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: வலிக்காகப் பிரிகாபாலினைக் கூட்ட நினைத்தால், கேட்காமலே நார்டிரிப்டிலினும் இரண்டு மடங்காகிறது. இரவுக்கென்று வைத்த, தூக்கம் வரவழைக்கும் மருந்து, காலையில் தறிக்குப் போகும் முன் உடம்பில் ஏறுகிறது. அளவைக் கூட்டச் சொல்லும் வேலை மருந்துக் கடைக்காரருடையது இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் உங்கள் கிரியாட்டினின் அளவை அவர் பார்த்திருக்க மாட்டார்.

கிரியாட்டினினுக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையில் 1.4. வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60-க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பிரிகாபாலின் கல்லீரலில் உடைவதில்லை, கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். அதனால் திறன் 30-க்கும் 60-க்கும் இடையில் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவில் பாதி போதும் என்பது விதி. நீங்கள் போடும் 150 மி.கி., நல்ல சிறுநீரகம் உள்ளவர் 300 மி.கி. போடுவதற்கு ஏறத்தாழ ஒப்பு. காலையில் தள்ளாட்டமாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கும். ஓடும் தறிக்குப் பக்கத்தில் அந்தத் தள்ளாட்டம் ஆபத்து.

படபடப்புக்கு மற்ற மூன்று காரணங்கள்

மாத்திரைமேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவற்றைக் கோட்டைவிடக் கூடாது.

முதலாவது, சர்க்கரை இறங்குவது. உங்கள் சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., பயோகிளிட்டசோன் 15 மி.கி. மூன்றும் இருக்கின்றன. காலை 7 மணிக்குப் போட்டுவிட்டு, ஷிப்டு மாற்றிவிட்டு, 10 மணிக்குத்தான் டிபன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ போட வேண்டிய மருந்து. போட்டு மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் சர்க்கரை சரியும். படபடப்பும் வியர்வையும் அதன் முதல் குரல். அடுத்த முறை படபடக்கும்போது நாடிக்கு முன் விரல் நுனியில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. இரண்டு நாள் இப்படிப் பதிவானால் மருத்துவரிடம் சொல்லி கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பலர் கேள்விப்படாதது. பாதத்தில் எரிச்சலை உண்டாக்கிய அதே சர்க்கரை, இதயத்துக்குப் போகும் தானியங்கு நரம்புகளையும் அரிக்கும். நீளமான நரம்புகள்தான் முதலில் பாதிக்கப்படும். கால் நரம்பு நீளமானது. மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸும் அப்படித்தான். அதன் பிடி போனால் ஓய்விலேயே துடிப்பு 100-ஐத் தொடும், எழுந்தால் பிரஷர் விழும், மாரடைப்பு வலியும் மங்கும். நார்டிரிப்டிலின் செய்வதும் நோய் செய்வதும் வெளியே பார்க்க ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் குழப்பம்.

பிரித்தறிய எளிய வழி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பிரஷர் மெஷின் வாங்கி ஒரு வருடம் ஆகிறது என்கிறீர்கள். அதில் மெமரி பொத்தான் இருந்தால் பழைய அளவுகள் சேமிப்பில் கிடக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே ஓய்வில் 96, 100 என்று இருந்திருந்தால், மாத்திரை வரும் முன்பே ஏதோ தொடங்கிவிட்டது. அப்போது 76, 80 என்று இருந்து இரண்டாம் மாத்திரைக்குப் பின் ஏறியிருந்தால் மாத்திரைமேல் சந்தேகம் வலுக்கும். அந்த எண்களைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, இதயமேதான். துடிப்பு வேகமாக மட்டுமல்லாமல் ஒழுங்கில்லாமலும் அடிக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நடுநடுவே தாளம் தப்பினால் மெஷின் காட்டும் எண்ணையும் நம்ப முடியாது, அன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். ரத்தசோகை, தைராய்டு கூடுதல் இரண்டையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

கால் வீக்கமும், நீங்கள் சந்தேகிக்காத மாத்திரைகளும்

வீக்கத்துக்கு உங்கள் பட்டியலில் மூன்று மருந்துகள் பொறுப்பேற்கலாம்: பிரிகாபாலின், பிரஷருக்கான அம்லோடிபின், சர்க்கரை மாத்திரைக்குள் இருக்கும் பயோகிளிட்டசோன். பிரிகாபாலினை அனுமதிக்கும் முன் நடந்த ஆய்வுகளில், அதை மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 8 பேருக்குக் கால் வீங்கியது. பயோகிளிட்டசோன் வகை மருந்தும் சேர்ந்தவர்களில் 100-க்கு 19 பேருக்கு. இதயம் பலவீனமானவர்களுக்குப் பயோகிளிட்டசோன் கொடுக்கவே கூடாது. வீக்கத்தோடு படபடப்பும் இருக்கும் உங்களுக்கு, எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கும் வரை அதைத் தொடரலாமா என்பது மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை கேட்டாலோ, அது மருந்து வீக்கத்தைத் தாண்டிய விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக, ஆனால் வலியே இல்லாமல் வீங்கினால் எலும்பு நொறுங்கும் சர்க்கரைப் பாத நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவர் வேண்டும்.

அடுத்து, கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "கை கால் அசதிக்கு வாரம் மூணு நாலு டைக்ளோஃபெனாக்" என்று. உங்கள் பட்டியலில் இதயத்துக்கு நேரடியாகக் கெடுதல் செய்வதாக நிரூபணமான மருந்து எது என்று கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். இந்த வகை வலி மாத்திரைகள் மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டும், பிரஷரை ஏற்றும், உப்பையும் நீரையும் தேக்கும். பிரஷருக்கு நீங்கள் போடும் டெல்மிசார்டானோடு சேர்ந்தால் 1.4-இல் நிற்கும் கிரியாட்டினினை மேலே தள்ளும். இத்தனைக்கும் நரம்பு எரிச்சலுக்கு இது கேட்பதே இல்லை. இன்றோடு விடுங்கள். உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. போதும்.

இன்னொன்று, காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் கேப்சூல். அதில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் 30 மி.கி. இருக்கிறது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் மின் இடைவெளியை (ஈ.சி.ஜி.யில் கியூ.டி. என்பார்கள்) நீட்டக்கூடிய மருந்து. நார்டிரிப்டிலினும் அதையே செய்யும். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் இதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று சுருக்கியது. நீங்கள் இரண்டு வருடமாகப் போடுகிறீர்கள். நெஞ்செரிச்சல் உண்மையாகவே இருந்தால் தனிப் பான்டோபிரசோல் போதும். பெயரின் கடைசியில் "டி" என்று வரும் கேப்சூல்களைத் தவிருங்கள். சளி, பேதிக்கு அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், ஒண்டான்செட்ரான் எழுதும் மருத்துவரிடமும் "நார்டிரிப்டிலின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவதே வசதி.

பட்டியலில் இருக்க வேண்டியும் இல்லாமல் போன மாத்திரை ஒன்றும் உண்டு. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்குக் கொழுப்பு அளவு எப்படி இருந்தாலும் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தருவதுதான் இன்றைய முறை. அப்பா 55 வயதுக்குள் மாரடைப்பில் இறந்திருக்கும்போது அதற்கான காரணம் இன்னும் வலுக்கிறது. இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நரம்பு மாத்திரையை நிறுத்தினீர்கள். அதற்கென்றே இருக்கும் மாத்திரை உங்களிடம் இல்லை. கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைகள், வரிசையாக

1. ஈ.சி.ஜி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். துடிப்பு வேகம் தவிர, கியூ.ஆர்.எஸ். அகலம் (இதயத்துக்குள் மின்சாரம் பரவும் நேரம்) 120 மில்லி நொடிக்குமேல் இருக்கிறதா, துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கியூ.டி. இடைவெளி ஆண்களுக்கான 450 மில்லி நொடியைத் தாண்டுகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். 500-ஐத் தாண்டினால் நார்டிரிப்டிலினும் டோம்பெரிடோனும் அன்றே நிற்க வேண்டும்.

2. படுத்து, நின்று பிரஷர். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒன்று, நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நிற்கும்போது விழும் பிரஷர். இறங்கியும் நாடி ஏறாமல் அப்படியே நின்றால் இதய நரம்புப் பாதிப்பு என்ற எண்ணம் வலுப்படும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

3. ரத்தம்: கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. பி12-க்கு ஊசி போடும் முன் ரத்தம் எடுங்கள். போட்டபின் பார்த்தால் பொய்யாக நல்ல எண் வரும். 14 வருட மெட்ஃபார்மினும் இரண்டு வருடப் பான்டோபிரசோலும் பி12-ஐக் குறைக்கக்கூடியவை. குறைந்தால் அதுவே கால் எரிச்சலைக் கூட்டும்.

4. எக்கோ. வீக்கம் இருப்பதால் அவசியம்.

ஆஞ்சியோ இதற்குப் பின்னால் வரும் கேள்வி. படபடப்புக்கு நேரே ஆஞ்சியோ எடுப்பது வழக்கமல்ல. அதில் செலுத்தும் சாயம் உங்கள் சிறுநீரகத்துக்கும் சுமை. அதே சமயம், சாதாரண ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால் அடைப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை. நடந்தால் மூச்சு வாங்குவது, வேலையில் நெஞ்சு இறுகுவது போன்றவை இருந்தால், அல்லது ஈ.சி.ஜி., எக்கோவில் சந்தேகம் வந்தால், இதய மருத்துவர் அடுத்த பரிசோதனையை முடிவு செய்வார். பாத எரிச்சலோடு டிரெட்மில்லில் வேகமாக நடக்க உங்களால் முடியாது; மருந்து கொடுத்துப் பார்க்கும் ஸ்டிரெஸ் எக்கோ இருக்கிறதா என்று கேளுங்கள். எதையாவது செய்ய நேர்ந்தால் திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறீர்களா என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். எங்கே பார்த்தாலும் அறிக்கைகளின் நகல் கேட்பது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

நிறுத்துவதா, மாற்றுவதா

நிறுத்தியபோது வந்த நான்கு நாள் அவதி, இதயம் கெட்டுப்போனதன் அடையாளமில்லை. வாரக்கணக்கில் சாப்பிட்ட பிரிகாபாலினைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், பதற்றம் வரும். குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போதைக்கு நான் சொல்வது: எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே போனில் பேசி, நீங்களாகக் கூட்டிய காலை மாத்திரையை விட்டு, அவர் எழுதிய இரவு ஒன்றுக்கே திரும்புங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இதற்கு ஒப்புவார்கள். ஈ.சி.ஜி. வந்தபின் மூன்று வழிகள் இருக்கின்றன. ஈ.சி.ஜி. நன்றாக இருந்து, படபடப்பும் சிறுநீர்த் தொல்லையும் அடங்கினால் இரவு மாத்திரையையே தொடரலாம். அடங்காவிட்டால் நார்டிரிப்டிலின் இல்லாத தனிப் பிரிகாபாலின். சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில், ஏற்ற இறக்கம் செய்ய வசதியாக இருக்கும். உங்கள் நிலையில் என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். வீக்கம் பெரிய தொல்லையானால், நரம்பு வலிக்கான வேறொரு மருந்தான துலாக்செட்டின் 20 அல்லது 30 மி.கி.யில் தொடங்கி 60 வரை போகலாம். அது கால் வீங்க வைக்காது, ஆனால் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றலாம். அதனால் முதல் மாதம் வாரம் இருமுறை பிரஷர் பாருங்கள். துலாக்செட்டின் நார்டிரிப்டிலின் உடைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. எதைப் போட்டாலும் டிராமடால் கலந்த வலி மாத்திரையும் சாராயமும் கூடவே வேண்டாம்.

எரிச்சல் முழுதாகப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தளர்த்துங்கள். இந்த மருந்துகளில் வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். அது உங்களுக்கு முதல் மாத்திரையிலேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதியைத் துரத்தப்போய்த்தான் இவ்வளவும். அதற்குத் தடவும் மருந்தைச் சேர்க்கலாம். மிளகாயின் காரச்சத்தான காப்சாய்சின் 0.075 சதவீதக் களிம்பு, தினம் மூன்று நான்கு முறை, புண்ணில்லாத தோலில். முதல் இரண்டு வாரம் எரிச்சல் கூடித்தான் பிறகு குறையும்; தடவியபின் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

சத்து மாத்திரையை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது அவசியம். குறைவில்லாதவருக்கு மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) வலியை அடக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. எண்ணெய் தடவுவதில் தவறில்லை, காய்ச்சிய சூட்டோடு தடவாதவரை. உப்புத் தண்ணீர் ஒத்தடம், சூடான நீரில் காலை ஊற வைப்பது இரண்டையும் அறவே விடுங்கள். எரியும் பாதம் மரத்தும் இருக்கலாம்; மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் கண்ணுக்குப் படும்.

சராசரிச் சர்க்கரை 9.4 என்றிருக்கிறது, குறைத்தே ஆக வேண்டும், ஆனால் படாரென்று அல்ல. மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்குமேல் இறங்கினால் சிலருக்கு நரம்பு வலி சில மாதம் மோசமாகும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஆனால் அதையும் தனியார் மருத்துவர் எழுதியதையும் சேர்த்துப் போட்டு ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடக் கூடாது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பாருங்கள். பேரக் குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் நார்டிரிப்டிலின் உள்ள அட்டை உயரத்தில், பூட்டி இருக்கட்டும். பெரியவருக்குச் சின்ன அளவு, கைக்குழந்தைக்கு உயிராபத்து.

பழனி நடை

இந்த வருடம் வெறுங்காலில் வேண்டாம். தாராபுரம் சாலையில் ஆயிரக்கணக்கானோர் நடக்கும்போது உங்களுக்கு மட்டும் தடை சொல்வது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் முள்ளோ கண்ணாடிச் சில்லோ ஏறினாலும் உங்கள் பாதம் சொல்லாது. நடந்து முடித்து வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது காணும் கொப்புளம்தான் விரல் எடுக்கும் வரை போகும் புண்ணாகிறது. படபடப்புக்குக் காரணம் தெரியாமல் இரவு நேர நீண்ட நடையும் இதயத்துக்கு உகந்ததில்லை.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் நன்றாக வந்து, துடிப்பும் அடங்கி, மருத்துவரும் சம்மதித்தால், கடைசிச் சில கிலோமீட்டரை மட்டும் பருத்திக் காலுறையோடு எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற செருப்பு) போட்டு நடக்கலாம். செருப்பைப் பதினைந்து நாள் முன்பே வாங்கி, முதல் நாள் ஒரு மணி நேரம் என்று பழக்குங்கள். புதுச் செருப்பு கடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கூட வருபவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பையில் குளுக்கோமீட்டர், சர்க்கரைப் பொட்டலம், மாத்திரைப் பட்டியல். அன்னதானம் கிடைக்கும் நேரத்தை நம்பிக் கிளிமிபிரைடு போடாதீர்கள். இலையில் சோறு விழுந்தபின் போடுங்கள். மலைக்கு வின்ச் இருக்கிறது. வேண்டுதல் நடைதான் என்றால் மகனை நடக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பஸ்ஸில் போய் அடிவாரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.